தப்பட்டும்

கொசப்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
என் பட்டறை. பல் வார்க்கிறேன்.
பதினாறு வருஷத்தில் வாய் பார்த்தது குறைவு,
வாய்கள் விட்டுப்போன பள்ளங்களே அதிகம்.
இளஞ்சிவப்பு அச்சு, ஈரத்துணி சுற்றி,
காட்பாடி ரோட்டு கிளினிக்குகளிலிருந்து
ஸ்கூட்டி பெட்டியில் குலுங்கி வரும்.
உடனே ஊற்ற வேண்டும்.
வேலூர் மே மாதத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால்
அச்சு சுருங்கி
யாருடைய பல்லோ ஆகிவிடும்.

அன்றைக்கு வந்தது சின்னது.
சீட்டில்: கோ. சாஸ்விகா, எட்டு, வாலாஜா.
மாவு கலந்து, அதிரும் மேடையில் குமிழி போக்கி,
காய்ந்ததும் பிரித்து
மேல்தாடையைக் கீழ்த்தாடையில் உட்கார வைத்தேன்.
கடைவாய் பதிந்தது.
முன்வாய் பதியவில்லை.
எத்தனை அழுத்தியும்
மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே
டியூப்லைட் வெளிச்சம் தாராளமாக வந்து போனது.
இடதுபக்கம் கொஞ்சம் அகலம்.
இடதுகைதான், என்று நினைத்துக்கொண்டேன்.

ரூபாய்க் காசு மூன்றை அடுக்கி
இடைவெளியில் நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தது.
அண்ணம் கூம்பி மேலே ஏறியிருந்தது.
உள்ளே விரல் தூக்க
வெளியே கன்னம் நெருக்க
வளைவாக இருக்க வேண்டிய தாடை
ஒடுங்கிக் கூர்த்திருந்தது.
பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கையில்
வழியில் ஆள் நிற்பதைப் பார்த்து
பாதியில் நின்றுவிட்டதுபோல.

கம்பி எடுத்தேன். அண்ணத்தில் ஒட்டி நிற்கும்
சின்ன வேலி ஒன்று வளைத்தேன்,
விரல் வந்தால் இடிக்கும், குத்தாது.
நுனிகளை மூன்று முறை மழுக்கினேன்.
சீட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை.

சனிக்கிழமை கிளினிக் பையன் வரவில்லை.
அம்மாவே வந்தாள், குழந்தையோடு,
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியிலிருந்து நேராக,
துப்பட்டாவில் பசை வாசனை.
"வேப்பெண்ணெ தடவுனேங்க, மொளகா தடவுனேன்.
கழுவிட்டு வந்து படுத்துக்கும்.
ரெண்டு வயசுல அழகா இருக்குன்னு
நாங்கதான் போட்டோ எடுத்து அனுப்புனோம்.
நைட் ஷிப்ட் வேன் ஆரன் அடிச்சா
கை தன்னால வாய்க்குப் போவுதுங்க."
அப்போதே விட்டிருந்தால் பல்லே
தானாக இறங்கி இடத்தை மூடியிருக்கும்.
சொல்ல வந்தேன். சொல்லவில்லை.
தோல் அழுத்தி அழுத்தி
அவள் கட்டைவிரலும் காய்த்துப் போயிருந்தது.

"பேரென்ன?"
"தாத்விகா."
முன்னே கதவில்லாத வாயில்
நாக்கு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனது.
முறுக்கைக் கடைவாயில் வைத்து
ஆடு மாதிரி திரும்பிக் கடித்தாள்.

மேஜையிலிருந்த மஞ்சள் வாயை
நெடுநேரம் பார்த்தாள்.
"இது நானா?"
ஆமாம் என்றேன்.
வெளுத்து ஊறி நகம் தேய்ந்த
இடது கட்டைவிரலை நீட்டி
அதன் முன்பல் நடுவே நுழைத்தாள்.
பூட்டுக்குச் சாவி போல
சிக்கென்று உட்கார்ந்தது.
கீழே ஜெராக்ஸ் ஓடும் சத்தம் மட்டும்.

"ராத்திரிக்கு இது தப்பட்டும்" என்றாள்.
யார், எங்கிருந்து தப்ப வேண்டும் என்று
ஒரு நிமிஷம் விழித்தேன்.
பிறகு புரிந்தது, சிரிக்கவில்லை.
மருத்துவர் கணக்குக்கு இன்னொன்று வார்த்துக்கொண்டு
அதை அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

கார்த்திகையில் அடுத்த அச்சு வந்தது,
வெளியே மழை, ஊற்ற அவசரமில்லை.
இப்போது ஒரு காசுதான் நுழைகிறது,
அதுவும் உரசிக்கொண்டு.
கம்பி சரியாக இருக்கிறதா என்று கேட்க
அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள்.
"நான் சாத்விகா பேதுறேன்."
முதல் எழுத்து முழுதாக வந்தது.
"விரல் விட்டாச்சா?"
"நான் விட்டுட்டேன்.
அது இன்னும் விடல.
லைட் அணைச்சா அதுக்கு விரல் வேணுங்குது."